ஃபார்முலா ஈ டிரைவருங்க ஒதுங்கி வந்தவங்க இல்லைங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்ங்க.

போன வாரம் உங்க விளையாட்டுப் பக்கத்துல ஃபார்முலா ஈங்கற எலக்ட்ரிக் கார் ரேஸ் பத்தி ஒரு பெட்டிச் செய்தி வந்துச்சு, ஆசையா படிச்சேன், ஆனா கடைசி வரியில இது எஃப்1ல, அதாவது ஃபார்முலா 1 கார் ரேஸ்ல, இடம் கிடைக்காதவங்க ஒதுங்குற இடம்னு போட்டிருந்தீங்க பாருங்க, அது மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு, ரெண்டு நாளா வேலையில இருக்கறப்பவும் அதே நெனப்பு, அதான் எழுதறேன்.

நான் கோயம்புத்தூர் கணபதியில 22 வருசமா மோட்டாருக்கு காயில் கட்டற தொழில் பண்றேனுங்க. மோட்டார் ஓடறதும் சூடாகறதும் எரிஞ்சு போறதும்தான் எனக்கு தெரிஞ்ச உலகம். அதனாலயே ஃபார்முலா ஈ மேல ஒரு பிடிப்பு வந்துச்சு. 2014 செப்டம்பர் 13ம் தேதி பெய்ஜிங்ல நடந்த முதல் ரேஸ்லயே நம்ம சென்னைக்காரர் கருண் சந்தோக் மஹிந்திரா கார்ல அஞ்சாவதா வந்தார், அப்ப புடிச்சு பாத்துட்டு இருக்கேன்.

இப்ப நீங்க சொன்ன அந்த 'இடம் கிடைக்காதவங்க' விசயத்துக்கு வரேன். ஜான் எரிக் வெர்ன்னு ஒரு பிரெஞ்சுக்காரர், ரசிகருங்க ஜெவ்னு கூப்பிடுவாங்க. எஃப்1க்கு கீழ்ப்படியில இருக்கற எஃப்3 ரேஸ்ல, 2010ல பிரிட்டிஷ் சாம்பியன். 2012லேர்ந்து 2014 வரைக்கும் ரெட்புல்லோட சின்ன டீமான டோரோ ரோஸோவுல 58 எஃப்1 ரேஸ் ஓட்டினார். முதல் வருசம் கூட ஓட்டின ரிக்கியார்டோ எடுத்தது 10 பாயிண்ட், இவர் 16. அடுத்த வருசம் ரிக்கியார்டோ முந்திட்டார், சரி, பெரிய டீமான ரெட்புல்லுக்கு அவரை கூட்டிட்டு போனாங்க, அதுல ஒரு நியாயம் இருக்கு. 2014ல கூட ஓட்டினவர் கிவ்யாட், அவர் 8 பாயிண்ட், இவர் 22, ஆனா ரெட்புல்ல ஓட்டிட்டு இருந்த வெட்டல் அந்த டீமை விட்டு போனப்ப அந்த சீட்டு போனது கிவ்யாட்டுக்கு, வெர்னுக்கு இருந்த சீட்டும் போச்சு. இதை எப்படிங்க இடம் கிடைக்காதவர்னு ஒரே வார்த்தையில சொல்றது?

அதே 2014ல இன்னொண்ணும் நடந்துச்சு. எஃப்1ல பெட்ரோலும் கரண்டும் சேர்ந்து ஓடற ஹைப்ரிட் இஞ்சின் வந்து காரோட எடை கூடிப் போச்சு, எடை கணக்குல டிரைவரும் சேர்த்திங்கறதால உசரமான ஆளுங்க பாடு திண்டாட்டம், இவர் உசரமான ஆளு, உடம்பை குறைக்க சாப்பாட்டை குறைச்சு குறைச்சு கடைசியில ஆஸ்பத்திரியில சேர்ற நிலைமைக்கு போயிட்டார். இதை படிச்சப்ப என் தம்பி மகன்தான் ஞாபகத்துக்கு வந்தான், அவனும் 24 வயசுதான் அப்ப.

சீட்டு போன கையோட டிசம்பர்ல உருகுவேல புன்டா டெல் எஸ்தேல ஃபார்முலா ஈ காரை முதல் தடவையா ரேஸ்ல ஓட்டறார், வந்த அன்னைக்கே போல் பொசிஷன், அதாவது ரேஸை முதல் ஆளா கிளப்பற இடம். ரேஸ்ல ஜெயிக்க போராடிட்டு இருந்தவருக்கு முடியற நேரத்துல சஸ்பென்ஷன் போயிடுச்சு. அவ்வளவு வேகம் இருந்த ஆளுக்கு முதல் ஜெயிப்பு எப்ப கிடைச்சது தெரியுங்களா, 2017 ஜூலை 30, மாண்ட்ரியால்ல, மூணாவது சீசனோட கடைசி ரேஸ்ல. நடுவுல ஆண்ட்ரெட்டி, டிஎஸ் விர்ஜின், டெச்சீட்டான்னு மூணு டீம் மாறிட்டார்.

எஃப்1 ஓட்டின ஆளுக்கு ஏன் இவ்வளவு நாள் ஆச்சுன்னா, அங்கதான் இந்த ரேஸோட தொழில் ரகசியமே இருக்குங்க, நான் சொல்ல வர்றதே அதைத்தான்.

காந்தம் வெச்ச மோட்டாருக்கு கரண்ட் குடுத்தா சுத்தும், அதையே வெளியிலேர்ந்து சுத்தி விட்டா கரண்ட் குடுக்கும், எங்க தொழில்ல இருக்கற சின்னப் பையனுக்கும் தெரியும். ஃபார்முலா ஈ கார்ல பிரேக் போடறப்ப இதுதான் நடக்குது. 2023ல வந்த ஜென்3ங்கற மூணாம் தலைமுறை கார்ல மாமூலா ஓட்டறப்ப பின்சக்கரத்தை பிடிக்கறதே மோட்டாருதான். ரேஸ்ல செலவாகற கரண்ட்ல 40 சதவீதத்துக்கு மேல இப்படி திரும்ப கிடைக்கறதுன்னு சொல்றாங்க. பேட்டரியில எடுத்துக்கலாம்னு விடறது 40 யூனிட்டை ஒட்டித்தாங்க. நம்ம வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு 2016ல கொண்டு வந்தாங்க இல்லைங்களா, அதுல பாதிகூட இல்ல, அதை வெச்சு முக்கா மணி நேரம் ரேஸ் ஓட்டணும். அப்ப என்ன பண்ணணும்னா வளைவு வர்றதுக்கு முன்னாடியே ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்து காரை உருள விடணும், எவ்வளவு முன்னாடிங்கறதுதான் வித்தை, கொஞ்சம் அதிகமா விட்டா பின்னாடி வர்றவன் உள்ள பூந்துடுவான், கொஞ்சம் கம்மியா விட்டா கடைசி லேப்புக்கு கரண்ட் இருக்காது. முன்னாடி போறவன் காத்தை கிழிக்கறான், அவனுக்கு செலவு ஜாஸ்தி, பின்னாடி ஒட்டிட்டு வர்றவனுக்கு மிச்சம், அதனால லீட்ல இருக்கறதே சில நேரம் நஷ்டம். பேட்டரி ஃபுல்லா இருக்கறப்ப பிரேக்ல வர்ற கரண்டை உள்ள வாங்காது, எங்கிட்ட இருக்கற எலக்ட்ரிக் ஸ்கூட்டரை ஃபுல் சார்ஜோட மருதமலை ரோட்டு இறக்கத்துல விட்டப்ப எனக்கே கை நடுங்குச்சு, புடிக்கவே மாட்டேங்குது, இவங்க அதையெல்லாம் கணக்கு போட்டுக்கிட்டு ரெண்டு பக்கமும் சுவர் இருக்கற ரோட்டுல ஓட்டறாங்க.

2021 ஏப்ரல்ல வலென்சியால பாதி காருங்க கரண்ட் தீர்ந்து தவழ்ந்ததை பாத்திருந்தீங்கன்னா அந்த வரியை எழுதியிருக்க மாட்டீங்க.

வெர்ன் இந்த வித்தையை கத்துக்கிட்டார். டெச்சீட்டா சொந்தமா மோட்டார் செஞ்ச டீம் இல்ல, 2017-18 சீசன்ல ரெனோகிட்ட காசு குடுத்து வாங்கின மோட்டாரு, அதே மோட்டாரை வெச்சிருந்த ரெனோ சொந்த டீமையும் முந்தி, சாந்தியாகோ, புன்டா டெல் எஸ்தே, சொந்த நாட்டுல பாரிஸ்னு ஜெயிச்சு, 2018 ஜூலைல நியூயார்க்ல சாம்பியன் ஆனார். அடுத்த வருசம் முதல் 8 ரேஸ்ல 8 வேற வேற ஆளுங்க ஜெயிச்சாங்க, யாரும் ரெண்டாவது தடவை ஜெயிக்க முடியல, மொனாக்கோல ஒம்பதாவது ரேஸ்ல அதை உடைச்சது இவர்தான், அந்த வருசமும் சாம்பியன். ஃபார்முலா ஈல ரெண்டு தடவை பட்டம் வாங்கின முதல் ஆளு.

2023 பிப்ரவரி 11ம் தேதி ஹைதராபாத்ல ரேஸ்னு சொன்னதும் நானும் என் மச்சானும் கடையை பூட்டிட்டு சபரி எக்ஸ்பிரஸ்ல ஏறிட்டோம். ஹுசைன் சாகர் ஏரியை ஒட்டின ரோடு, நல்ல வெயில், இஞ்சின் சத்தம் இல்லாததால டயர் தேயற சத்தமெல்லாம் தெளிவா கேக்குது. ஜாகுவார் கார் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதி போச்சு, வெர்ன் முன்னாடி வந்துட்டார், பின்னாடி நிக் கேசிடி ஒட்டிக்கிட்டே வர்றார், அவர்கிட்ட சார்ஜ் இவரைவிட ஜாஸ்தி. கடைசி லேப்புங்க எல்லாம் மச்சான் என் கையை புடிச்சுக்கிட்டே நின்னார். கேசிடி எங்கெங்க முந்த முடியுமோ அங்கங்க மட்டும் சரியா கரண்டை செலவு பண்ணி மத்த இடத்துல உருட்டி உருட்டி, அரை நொடி வித்தியாசம்கூட இல்லாம வெர்ன் ஜெயிச்சார். ரோட்டுல மூணாவதா முடிச்ச புவேமிக்கு அனுமதிச்ச பவரை தாண்டினதுக்கு பெனால்டி போட்டு கீழ தள்ளிட்டாங்க, அந்த அளவுக்கு கணக்கு இருக்குங்க. எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. 22 வருசமா நான் காயில் கட்டற அதே சரக்கு, செம்பும் இரும்பும்தான், அதை வெச்சு ஒரு மனுசன் இப்படி ஓட்ட முடியுமான்னு.

2024லயும் ஹைதராபாத் ரேஸ் இருக்குன்னு காலண்டர்ல போட்டிருந்தாங்க, ஜனவரியில ரத்துன்னு சொல்லிட்டாங்க. நாங்க அதுக்கும் பணம் சேத்து வெச்சிருந்தோம்.

வெர்ன் இன்னும் ஓட்டிட்டுதான் இருக்கார், 2025-26 சீசனுக்கு சிட்ரோன் டீம், கூட யாருன்னா அதே நிக் கேசிடி. என்னோட வேண்டுகோள் ரெண்டுதாங்க. அந்த 'ஒதுங்குற இடம்'ங்கற வரியை திருத்தி ஒரு சின்ன குறிப்பு போடுங்க. அப்பறம் ஃபார்முலா ஈ ரேஸ் நடந்த மறுநாள் யாரு ஜெயிச்சா, எப்படி ஜெயிச்சாங்கன்னு ரெண்டு வரி போடுங்க. இங்க செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேக்கு பெட்ரோல் வண்டி ரேஸ் பாக்க வர்ற பசங்க நிறைய பேரு உங்க பேப்பரைத்தான் டீக்கடையில படிக்கறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கணபதி, கோயம்புத்தூர்.