நீங்கள் சுருதி கொடுத்தபோது

அன்புள்ள அண்ணாச்சி,

டிசம்பர் 17 வந்தால், வெள்ளத்தில் நம் நிகழ்ச்சி நின்றுபோய் இரண்டு வருடம். நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் சொன்னதெல்லாம் ஊர் வழியாக என் காதுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மூன்று முறை தாளில் எழுதிக் கிழித்தேன். தபாலில் போட்டால் நீங்கள் பிரிக்க மாட்டீர்கள். இப்படிப் பொதுவில் எழுதினால் யாராவது ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். நீங்கள் நடத்திவந்த நம் கொயரில், பாடகர் குழுவில், பாதிப் பேர் இதைப் படிப்பார்கள் என்பதும் தெரியும். அதனால் சில பெயர்களை விட்டுவிடுகிறேன், சில தொகைகளையும்.

சமையலறைக் கூரைக்காக நாம் பணம் திரட்டிய அந்த விடுதிக்குப் போன மாதம் போயிருந்தேன். சமையலறைக் கூரையில் இன்னும் அதே நீலத் தார்ப்பாய்தான். ஓரங்கள் நைந்து, செங்கல் வைத்து அமுக்கியிருக்கிறார்கள். சொட்டுகிற இடத்தில் ஒரு போணி. சமையல்கார அம்மா பேசிக்கொண்டே அடுப்புக்கும் போணிக்கும் நடுவில் நடந்து பழகிவிட்டார், குனிந்து பார்ப்பதுகூட இல்லை. என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்தக் காப்பியைக் கொடுத்திருக்க மாட்டார்.

வெள்ளத்துக்கு எல்லாத் திசையிலிருந்தும் காசு வந்தது, அண்ணாச்சி. சென்னையிலிருந்து வந்தது, துபாயிலிருந்து வந்தது, முகம் தெரியாதவர்கள் லாரி லாரியாக அரிசி அனுப்பினார்கள். ஒழுகுகிற கூரைக்கு மட்டும் யாரும் அனுப்பவில்லை. கூரைப் பணத்திலிருந்து வெள்ள நிவாரணத்துக்கு நாங்கள் எடுத்ததை வேறு யாராவது நிரப்பிவிடுவார்கள் என்று கமிட்டியில் அன்று சொன்னது நான். நிரப்பவில்லை. இதை நீங்கள் அன்றைக்கே சொன்னீர்கள். ஆனால் நீங்கள் சொன்ன தொனி இருக்கிறதே, அந்தத் தொனியில் எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசத்தான் தோன்றும்.

டப்ளின் கதையை வேறு இழுத்தேன். வருடா வருடம் முதல் பயிற்சியன்று முந்திரிக்கொத்து டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லும் கதை. 1742 ஏப்ரல் 13, ஹேண்டலின் 'மெசையா' என்ற பெரிய கொயர் இசைப்படைப்பின் முதல் அரங்கேற்றம். கூடுதலாகச் சிலர் உட்கார இடம் வேண்டும் என்பதற்காக, பெண்கள் வளையம் வைத்த பாவாடை இல்லாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரும்படி கேட்டுக்கொண்டார்கள். வந்த பணத்தில் கடனுக்காகச் சிறையில் கிடந்த 142 பேர் வெளியே வந்தார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் உலகமெல்லாம் பாடுகிற ஒன்று முதலில் பாடப்பட்டது ஏப்ரலில்தானே என்று நான் குறுக்கிட்டால் நீங்கள் முறைப்பீர்கள். அந்தக் கதையைத்தான் வெள்ளத்துக்குப் பின் 19ஆம் தேதி கமிட்டியில் உங்கள் மேலேயே எறிந்தேன். "டப்ளின் காசைக்கூட மூன்றாகப் பிரித்தார்கள், சிறைக்கு, இரண்டு மருத்துவமனைகளுக்கு. நாம் பிரித்தால் மட்டும் பாவமா?" என்றேன்.

"முன்கூட்டியே விளம்பரம் கொடுத்துவிட்டுப் பிரித்தார்கள்" என்றீர்கள்.

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. கைகளை உயர்த்தச் சொல்லித் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டோம்.

பணத்தைப் பற்றி இவ்வளவு எழுதுவது, மற்றதை எழுதத் தயக்கமாக இருப்பதால்தான்.

சனி இரவே பிடித்த மழை. ஞாயிறு காலையில் ஆராதனைக்கு வந்தவர்களே குறைவு. பாபநாசம், மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் சேர்ந்து தாமிரபரணியில் வருகிறது, குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிவிட்டது என்று மதியத்துக்குள் செய்தி. அது மூழ்குவது நமக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைய தண்ணீரின் நிறம் வேறு என்று பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வந்த, டெனர் வரிசையில் பாடும் தம்பி சொன்னான். இரண்டு மணிக்கு நிகழ்ச்சி ரத்து என்று கொயரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உங்களிடம் இருப்பது பொத்தான் போன். உங்களுக்கு லைன் கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன், இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

நான் அழைக்கவே இல்லை, அண்ணாச்சி.

அழைத்தால் "பாடுவோம்" என்பீர்கள். நீங்கள் சொன்னால் முப்பது பேரும் அந்த மழையில் கிளம்பி வந்திருப்பார்கள். அதில் இருவர் வீடு ஆற்றோரச் சிந்துபூந்துறையில். இரவு அந்தத் தெருக்களில் தண்ணீர் எங்கே நின்றது என்பது உங்களுக்கே தெரியும். நான் செய்தது சரி. செய்த விதம் கோழைத்தனம். இரண்டும் ஒரே மதியத்தில் நடந்தவை. ஒன்றை மட்டும் பிரித்து எடுத்து உங்கள் முன்னால் வைக்க எனக்குத் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு நான் மண்டபத்துக்கு வந்தது, தெரியாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப. வந்திருந்தது நீங்கள் ஒருவர்தான். பேண்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, துண்டால் முதல் வரிசை நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். கறுப்புக் கோட்டு நனையாமல் இருக்க உரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தீர்கள். நான்கு நாற்காலிகளில், குரல் வரிசைக்கு ஒன்றாக நான்கு கட்டு சோல்ஃபா தாள்கள், டோ-ரே-மி எழுத்தில் பாட்டு எழுதிய தாள்கள். பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோவின் கட்டு காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூடு. மின்சாரம் போயிருந்தது. பக்க ஜன்னல் வெளிச்சத்தில் உங்கள் முதுகு மட்டும்தான் முதலில் தெரிந்தது.

"நிகழ்ச்சி இல்லை, அண்ணாச்சி."

"யார் சொன்னது?"

"நான்தான்."

ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும். சட்டைப்பையிலிருந்து ட்யூனிங் ஃபோர்க்கை எடுத்து முழங்காலில் தட்டிக் காதோரம் வைத்தீர்கள். அதிலிருந்து வாயைத் திறக்காமலே இறங்கி டோவைப் பிடித்தீர்கள். பிறகு முழுக் கொயரும் எதிரே நிற்பதுபோல ஒவ்வொருவருக்காகச் சுருதி கொடுத்தீர்கள். பேஸுக்கு டோ. டெனருக்கு ஸோ. ஆல்டோவுக்கு மி என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். சோப்ரானோவுக்கு மேல் டோ. வலது கை உயர்ந்தது.

நான் அந்த மி ஒன்றைப் பிடித்திருந்தால் போதும். ஆல்டோவின் வேலையே அதுதானே, மற்றவர்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்க ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருப்பது. பதினான்கு வருடம் அதற்காக என்னைத் திட்டி, கேலி செய்து, பழக்கியிருக்கிறீர்கள். நான் நனைந்த செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கை உயர்ந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு ஃபோர்க் பைக்குள் போனது. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று வரிசை மாறாமல் கட்டுகளை அடுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு படியிறங்கினீர்கள். என் கையில் குடை இருந்தது.

24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததும், அன்று இரவு ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பல நூறு பயணிகள் நின்றுபோனதும், மறுநாள் நம் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததும் என் தரப்புக்குச் சாட்சிகள். இத்தனை சாட்சிகள் இருந்தும் அந்த உயர்ந்த கையின் முன்னால் எனக்கு வழக்கு நிற்பதில்லை.

சரி, இப்போது என் முறை. "காசைத் திசைதிருப்பினாள்" என்று நீங்கள் எங்கே, யாரிடம் சொன்னீர்கள் என்று தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை, மார்க்கெட்டில் என் ஸ்கூட்டரைப் பார்க்கிறவர்கள் கண்ணில் ஒட்டிக்கொண்டது. அந்த ஸ்கூட்டர் தவணையில் வாங்கியது. இன்னும் பதினொரு தவணை பாக்கி. அரிசி, பாய், போர்வை, பால் பவுடர், எல்லாவற்றுக்கும் ரசீது ஃபைலில் இருக்கிறது. முறப்பநாட்டுப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களை வேலியில் பக்கம் பக்கமாக விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். அந்த வீட்டுக்குக் கொடுத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீங்கள் ஒரு நாளாவது வந்து சாக்குத் தூக்கியிருக்கலாம். கோபம் உங்களுக்கு என் மேல்தானே, முறப்பநாட்டின் மேல் இல்லையே?

போன வருடம் நிகழ்ச்சியே இல்லை. நீங்கள் இல்லாமல் யாருக்கும் நிற்கத் தைரியம் வரவில்லை. வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ் மட்டும் போனோம், வேனில் ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேல் கத்திப் பாடினோம். பேஸ் வரிசை நான்கு வீட்டுக்குள் சுருதி இறங்கிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் வேனை நிறுத்தியிருப்பீர்கள்.

இந்த வருடம் கொயர் முன்னால் நின்று என்னைக் கைவீசச் சொல்லிக் கேட்டார்கள். இரண்டு முறை மறுத்தேன், மூன்றாம் முறை ஒப்புக்கொண்டேன். டிசம்பர் 21, ஞாயிறு, அதே மண்டபம். நம் சபைக் கோயிலில் கீத ஆராதனையாகவே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் சிலர். அங்கே டிக்கெட் போட முடியாது, காணிக்கைப் பைதான், அது கூரைக்கு எட்டாது என்று நீங்கள் சொல்வதையே சொல்லி மறுத்துவிட்டேன். டிக்கெட் 200 ரூபாய்தான், அதை வைத்து ஒலிபெருக்கி வாடகையும் அச்சுக் கூலியும் கட்டலாம். கூரை போடப்போவது நிகழ்ச்சி மலரின் விளம்பரங்கள். ஜவுளிக்கடை அண்ணாச்சி கடைசி அட்டையை எடுத்துக்கொண்டார், உங்களை விசாரித்தார். நல்லா இருக்கிறார் என்றேன், தெரிந்த மாதிரி.

டிக்கெட்டில் 'விடுதியின் சமையலறைக் கூரைக்காக மட்டும்' என்று அச்சடித்திருக்கிறது. 'மட்டும்' கொட்டை எழுத்தில். மெய்ப்புப் பார்த்தவர் எதற்கு என்று கேட்டார். ஒருவர் படிப்பதற்காக என்று சொல்லிவிட்டேன்.

பயிற்சி வழக்கம்போல வியாழக்கிழமை ஆறரைக்கு. பழைய தாள்கள் இருக்கும் பீரோவின் சாவி உங்களிடம்தான் இருக்கிறது. டெனரின் கடைசி இரண்டு பக்கம் எங்களிடம் இருக்கும் ஜெராக்ஸில் விழவே இல்லை, தம்பி குத்துமதிப்பாகப் பாடிக்கொண்டிருக்கிறான், கேட்கச் சகிக்கவில்லை. நீங்கள் வர வேண்டும் என்றில்லை. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டால்கூடப் போதும்.

உங்கள் கண்ணாடிக் கூடு என்னிடம் இருக்கிறது. கட்டை எடுத்த வேகத்தில் கீழே விழுந்ததை நீங்கள் கவனிக்கவில்லை. அன்றே எடுத்துத் துடைத்து வைத்தேன். இரண்டு வருடமாக ஏன் திருப்பித் தரவில்லை என்பதற்கு ஒரு வரி எழுதினேன், அடித்துவிட்டேன். வியாழக்கிழமை பையில் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆல்டோ வரிசையின் கடைசி ஆள்