ஆண்டறிக்கை: முதல் கவரைத் தாண்டுவோம்

தலைவர் அவர்களே, பெங்களூரின் அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் வந்திருக்கும் ஒப்பந்ததாரர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஆயுத பூஜையில் வழக்கம்போல் கலவை இயந்திரத்துக்கே முதல் மாலை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் டெண்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

ரேட்டில் தோற்றால் எனக்கு வருத்தமில்லை. ரேட்டைப் பிரிப்பதற்கு முன்பே தோற்கிறோமே, அதுதான் உறுத்துகிறது. கர்நாடகத்தில் அரசு வேலைகளுக்கு 1999-ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. இரண்டு கவர் டெண்டரில் தகுதிச் சான்றுகள் முதல் கவரில், விலை இரண்டாவதில். முதலாவது தேறாவிட்டால் இரண்டாவதைத் திறக்கவே மாட்டார்கள்.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர் வடிகால் வேலைக்கு டெண்டர் போட்டார். ஒப்பந்ததாரர் பதிவு அவர் பெயரில். டிஜிட்டல் கையொப்பம் மகன் பெயரில். அப்பா சார்பில் கையெழுத்திட மகனுக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரம் நடுவில் இருக்க வேண்டும்; அது இல்லை. தள்ளுபடி. “பெற்ற மகன்தானே?” என்று கேட்டதற்கு, “ரேஷன் கார்டில் மகன், டெண்டரில் அந்நியர்” என்றாராம் அங்கிருந்த எழுத்தர். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நாளை வேலை பாதியில் நின்றால் யாரைப் பிடிப்பது என்று கேட்கிறவருக்கு அந்தத் தாள்தானே பதில்?

கூட்டு நிறுவனமானால் மற்ற பங்குதாரர்களின் ஒப்புதல் கடிதமும், கம்பெனியானால் இயக்குநர் குழுத் தீர்மானமும் கேட்பார்கள். டெண்டர் போட்ட மறுநாள் தேதியிட்ட பத்திரத்தோடு யாரும் என்னிடம் வர வேண்டாம்.

இன்னொருவர் வீட்டில் டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய, பென் டிரைவ் போன்ற டோக்கன் சாமி மாடத்தில் குங்குமப் பொட்டோடு இருந்தது. காலாவதியாகி நான்கு மாதம். டிஜிட்டல் கையொப்பத்தில் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வழங்குவது 2021 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. இப்போது மூன்றாம் வகுப்புதான். காலாவதி தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

டெண்டர் முடிவில் குறை இருந்தால், உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். டீக்கடையில் புலம்பியே அந்த நாட்களைக் கழித்தவர்கள் நம்மிடையே உண்டு, பெயர் சொல்லவில்லை.

வரும் ஞாயிறு காலை சங்க அறைக்கு நோட்டரி வருகிறார். பதிவுச் சான்று, டோக்கன், கையெழுத்திடப் போகிறவர் மூன்றும் சேர்ந்து வரட்டும். சந்தா பாக்கியையும் அன்றே கட்டிவிடலாம்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்