பாடியவருக்கே புரியாத பாட்டு

அன்புள்ள பாலு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். என் முட்டிவலி பரவாயில்லை. மாடி ஏறுவதுதான் சிரமம், அதனால் கீழேயே உட்கார்ந்து நிறையப் படிக்கிறேன்.

எத்தியோப்பியாவில் நீல நைல் கிளம்பும் தானா ஏரிக்கரையில் வெய்த்தோ என்று ஒரு சிறு கூட்டம். கோரைப் படகு கட்டுவார்கள், நீர்யானை வேட்டையாடியவர்கள். அந்தக் கறியைத் தின்றதால் அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவைத்தார்கள். 1770 வாக்கில் ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பயணி அங்கே போனார். இவர்கள் மொழி அந்த நாட்டின் வேறெதோடும் ஒட்டவில்லை என்று எழுதியவர், விவரம் கேட்க அரசரிடம் சொல்லி இரண்டு பேரை வரவழைத்தார். தூக்கில் போடுவதாக மிரட்டியும் பதில் வரவில்லை. கழுத்துக்குக் கயிறு காட்டினால் எந்த மனுஷன் தன் மொழியைச் சொல்லித்தருவான்?

1907இல் மித்வோக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் எழுதும்போது எல்லாரும் எத்தியோப்பியாவின் பெருமொழியான அம்ஹாரிக்குக்கு மாறியிருந்தார்கள். அதிலும் வெளியாளுக்குப் புரியக் கூடாதென்று பல சொற்களைத் திரித்துப் பேசினார்கள் என்று பிற்பாடு மார்செல் கோஹென் என்ற பிரெஞ்சு மொழியியலாளர் எழுதினார். 1928இல் மார்செல் கிரியோல் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் போனபோது ஒருவர் பழைய மொழியில் ஒரு பாட்டுப் பாடினார். நீர்யானை உறுப்புகளின் பெயர் சிலதைத் தவிர, பாடியவருக்கே பொருள் தெரியவில்லை. அதை யாரும் எழுதிவைக்கவில்லை, பாலு! இரண்டு நாளாக அதே நினைப்பு.

கிரியோல் சேர்த்த சொற்பட்டியலை அலசி 1939இல் கோஹென், எங்கிருந்து வந்தவை என்று பிடிபடாதவை என ஒதுக்கியது ஆறே சொற்கள். தோள், சிறகு, மீன் செதில், கொசு, அப்புறம் நீர்யானையின் தொடையும் முதுகெலும்பும். ‘நான்’, ‘நீ’, ‘ஒன்று’, ‘இரண்டு’ எதுவும் இல்லை. வினைச்சொல் ஒன்றுகூட இல்லை. இதை வைத்துக்கொண்டு வடகிழக்கு ஆப்பிரிக்காவின் குஷியக் குடும்பத்து மொழி என்கிறார்கள், அதன் கிளையான அகவ் மொழிகளுக்கு உறவு என்கிறார்கள்; பெண்டர் என்ற மொழியியலாளர் 1983இல், வேறொரு ஆப்பிரிக்கக் கூட்டமான கிழக்குச் சூடானியமாகவும் இருக்கலாம் என்றார். இந்த ஆறும் வேறு மொழியிலிருந்து கடன் வாங்கியவையாகவும் இருக்கலாம். குடும்பம் தெரியாத மொழி என்றே விட்டுவிடுவதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும்.

சரி, தையில் வருவாய்தானே? ஆறு சொற்களையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், காட்டுகிறேன்.

அன்புடன்,
ராமு