தலைக்குப் பின்னால் நடக்க இடம் விடுங்கள்

ஓல்மெக் காட்சிக்கூடம் அமைக்கும் அருங்காட்சியகத்தாருக்கு,

வணக்கம். பல கூடங்களில், மெக்சிகோவின் மிகப் பழைய நாகரிகங்களுள் ஒன்றான ஓல்மெக்குக்கு ஒதுக்கிய பகுதிக்குள் நுழைந்ததும் ஒரு மாபெரும் கல் தலையோ அதன் வார்ப்போ சுவரை ஒட்டி நிற்கிறது. விளக்கு நேரே முகத்தில் விழுகிறது. பார்ப்பவர் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். அந்தத் தலையைச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி வையுங்கள் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள்.

இதுவரை கிடைத்த 17 தலைகளில் 10 சான் லொரென்சோ என்னும் ஓல்மெக் ஊரில் கிடைத்தவை. பலவற்றுக்கு முதுகுப்பக்கம் தட்டையாக இருக்கும். அங்கு கிடைத்த 2ஆம், 7ஆம் தலைகள் பழைய அரியணைக் கல்லைத் திருப்பிச் செதுக்கியவை. அரியணையின் முன்புறத்தில் இருந்த மாடக்குழியின் தடம் இன்னும் தெரிகிறது. நேர்வெளிச்சத்தில் அது மறைந்துவிடும். விளக்கைப் பக்கவாட்டில், கல்லை உரசுவதுபோல் தாழ்வாக வைத்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து தடம் எழுந்து நிற்கும். டுஸ்ட்லா மலையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் கொண்டுவந்த கல் அது. அதை வீணாக்க ஓல்மெக் மக்களுக்கு மனம் வந்திருக்காது.

தலைக்கு அடுத்து வீட்டுப் பொருள்கள் வரவேண்டும். அங்கேதான் கூடங்கள் காலியாகிவிடுகின்றன. சான் லொரென்சோவின் ஈர மண் புளிப்பானது. எலும்பையும் மரத்தையும் கூரை ஓலையையும் தின்றுவிடும். பெட்டியில் எலும்பு இல்லாததால் அங்கே இறைச்சி உண்ணவில்லை என்று ஆகிவிடாது. தப்பிய சில எலும்புகள் ஆற்று மீன், ஆமை, நாய் ஆகியவற்றைக் காட்டுகின்றன. வெள்ளம் வடிந்த குட்டைகளில் சிக்கிய மீனை அள்ளுவது எளிது. எனவே சாப்பாட்டுக் காட்சியில் மக்காச்சோளத்தை மட்டும் குவிக்காதீர்கள், மீன்கூடையும் வையுங்கள். தோசைக்கல் போன்ற சட்டியில் சோள அடை சுடும் பெண்ணின் உருவத்தை எடுத்துவிடுங்கள். அந்தச் சட்டி இங்கே வழக்கத்துக்கு வந்தது பின்னாளில்தான். கழுத்தில்லாத உருண்டைப் பானையே பொருத்தம். சான் லொரென்சோ மண்பாண்டங்களில் கொக்கோவில் உள்ள தியோபுரோமின் என்னும் வேதிப்பொருளின் படிவும் கிடைத்திருக்கிறது.

மண் விட்டுவைத்த அரிய இடம் எல் மனாட்டி. 1980களின் பிற்பகுதியில் அங்கே ஊற்றடிச் சேற்றிலிருந்து மரத்தில் செதுக்கிய மார்பளவு உருவங்களும் ரப்பர் பந்துகளும் வெளிவந்தன. சேற்றுக்குள் காற்று புகாததால் மரம் மக்கவில்லை. அடியில் இருந்த பந்துகள் ஏறத்தாழ கி.மு. 1600ஐச் சேர்ந்தவை. அசலைத் தொடவிட முடியாது. ஆனால் செய்முறையைக் காட்டலாம். காஸ்டில்லா எலாஸ்டிகா மரத்தைக் கீறி வடித்த பாலில், இரவில் வெள்ளைப்பூ பூக்கும் இப்போமியா ஆல்பா கொடியை நசுக்கிப் பிழிந்த சாற்றை ஊற்றிக் கிளறவேண்டும். சற்று நேரத்தில் வெள்ளைக் கட்டி திரளும். கைக்கு இளகும் சில நிமிடங்களுக்குள் உருட்டிவிடவேண்டும், தாமதித்தால் வடிவம் ஏறாது. பாலும் சாறும் சரிபாதியாகச் சேர்ந்தால் துள்ளல் அதிகம் என்பது ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்த முடிவு. மூன்று பங்கு பாலுக்கு ஒரு பங்கு சாறு என்றால் தேய்மானம் குறைவு, செருப்படிக்கு ஏற்றது. சாறே சேர்க்காமல் காயவிட்டால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். மூன்று துண்டுகளைப் பக்கத்தில் வைத்துக் குழந்தைகளை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீருக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். சான் லொரென்சோவில் 'ப' வடிவக் கல் தொட்டிகளை வரிசையாகப் பதித்து, மேலே கல் மூடி போட்டு, ஏறத்தாழ 170 மீட்டர் நீளக் கால்வாய் அமைத்திருந்தார்கள். இரண்டு தொட்டி, ஒரு மூடி, சிறு சரிவு, ஓடும் நீர் போதும். ஒரு மூடியைத் திறந்தே வையுங்கள். மூடிவிட்டால் பார்ப்பவருக்கு வெறும் கல்வரிசைதான் தெரியும்.

கடைசியாகப் பெயர்ப்பலகை பற்றி. 'ஓல்மெக்' என்பது நூற்றாண்டுகள் கழித்து நவாட்ல் மொழியில் வழங்கிய பெயர், ரப்பர் நாட்டார் என்று பொருள். அவர்கள் தங்களை எப்படி அழைத்தார்கள் என்பது தெரியாது. இதை முதல் வரியிலேயே எழுதுங்கள். சந்தையில் வாங்கிய பச்சைக்கல் பொம்மைக்கு 'லா வெண்ட்டா' என்று ஏதோ ஓர் ஓல்மெக் ஊரை ஊகத்தில் எழுதாதீர்கள். 'கிடைத்த இடம் தெரியாது' என்று எழுதினால் போதும். பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
ஓல்மெக் தொல்லியலைப் படித்துவருவோர்