மோர்ப் பந்தல் வீட்டுப் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கு

மதுரை மாவட்டக் கல்லூரிகளில் தொழில்முனைவோர் மேம்பாட்டுப் பிரிவைக் கவனித்து வரும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் செல்லூரில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி அரைத்து விற்கிறேன். என்னோடு ஐந்து பெண்கள் வேலை பார்க்கிறார்கள். உங்களில் சிலர் என்னைக் கல்லூரிக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள், சால்வை போட்டிருக்கிறீர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் நீங்கள் படித்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

பங்குனியில் ஒரு கல்லூரியில் தொழில் திட்டப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். எட்டு அணிகள். அதில் நாலு பெண் பிள்ளைகள் சேர்ந்த ஓர் அணி, சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்கும் நாளில் தல்லாகுளத்தில் நீர்மோர் விற்கும் திட்டம் கொண்டுவந்திருந்தது. தயிர் விலை, கப் விலை, எத்தனை லட்சம் பேர் வருவார்கள், அதில் நூற்றுக்கு ஒருவர் வாங்கினால்கூட எவ்வளவு லாபம் என்று திரையில் வண்ண வண்ணமாகப் படம் ஓடியது. கடைக்குப் பெயர், அதற்கொரு சின்னம், எல்லாம் தயார். மற்ற நடுவர்கள் நல்ல மதிப்பெண் போட்டார்கள்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அன்னைக்கு நீங்க யாராவது தல்லாகுளம் போயிருக்கீங்களாம்மா?"

நாலு பேருமே போயிருக்கிறார்கள். நினைவு தெரிந்த நாளிலிருந்து போகிறார்கள். "அங்க மோர் என்ன விலைக்கு விக்கும்?" என்றேன். கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கடைசியில் நின்ற பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "சும்மா குடுப்பாங்க அக்கா. எங்க வீட்லயே பந்தல் போடுவோம்."

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊருக்குள் வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை ராத்திரியிலிருந்தே தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல். மோர், பானகம், தயிர்சாதம், விசிறி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கிற ஊர் இது. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிற ஊர். அந்த நாலு பிள்ளைகளுக்கும் இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஒருத்தி அந்த மோரைக் கையால் கலக்கியவள். அப்படியிருந்தும் திட்டம் எழுத உட்கார்ந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. ஏன் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். வீட்டில், தெருவில் பார்த்ததைக் கல்லூரிக்குள் கொண்டுவரக் கூடாது, அது படிப்பு ஆகாது என்று அவர்கள் நினைக்கிறார்கள். அப்படி நினைக்க நாம்தான் பழக்கியிருக்கிறோம். உங்களிடம் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

அதே கூட்டத்தில் நின்று பார்த்தால் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிற பொருள்கள் எத்தனையோ கண்ணில் படும். செருப்பு அறுந்துபோய் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடப்பவர்கள் உண்டு. அழகர்மேல் பீய்ச்சுகிற தண்ணீரில் நனையாமல் போனைப் பத்திரப்படுத்த ஒரு பிளாஸ்டிக் உறை கிடைக்காதா என்று தேடுபவர்கள் உண்டு. கைக்குழந்தையோடு வந்து, உட்கார ஒரு நிழல் கிடைத்தால் போதும் என்று அலைகிற தாய்மார்கள் உண்டு. புதுமண்டபத்தில் காலகாலமாகத் தையல் மெஷின் போட்டிருந்தவர்கள் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடுப்பைத் தைத்துக் கொடுத்தே ஒரு பருவத்தை ஓட்டியவர்கள். அந்தத் தையல்காரர்கள் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போனதில்லை. யாருக்கு, எந்த நாளில், என்ன தேவை என்பது அவர்களுக்கு விரல் நுனியில் இருந்தது.

படைப்பாற்றல் பயிற்சி என்று சொல்லி, செய்தித்தாளைச் சுருட்டிக் கோபுரம் கட்டவும் பலூன் ஊதவும் வைக்கிறார்கள். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் இந்த ஊரிலேயே அதைவிட நல்ல பாடம் இருக்கிறது. தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ராஜகோபாலன் வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவில் ரோடு போட வழி கண்டார். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் செய்ததில் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது ஒரு சின்ன விஷயம். பிளாஸ்டிக்கைத் தாரோடு கலப்பதற்குப் பதிலாக, சூடாக்கிய ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துருவலைத் தூவினார். அது உருகிக் கல்லின்மேல் தோலாகப் படிந்தது. அதற்குப் பிறகுதான் தார். பொருள் எல்லாம் எல்லோரும் பார்த்ததுதான், சேர்க்கிற வரிசையை மாற்றினார். பொடி வறுக்கிற எனக்கு அது சட்டென்று புரிந்தது. எள்ளை முதலில் போடுவதற்கும் கடைசியில் போடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சட்டிக்கு முன்னால் நிற்பவளுக்குத் தெரியும்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதை உங்கள் மாணவர்கள் பொது அறிவுக் கேள்வியாகப் படித்திருப்பார்கள். அவர் அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து, எங்கே போனாலும் ஒரே தரத்தில் ஒரு பண்டத்தைக் கொடுக்க முடிகிறதே, கண் அறுவைச் சிகிச்சையை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று கேட்டார். அறுவைச் சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கிற வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலை என்றானபோது 1992-ல் ஆரோலேப் தொடங்கி லென்ஸை இங்கேயே செய்தார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த கதை. அதை ஒரு மணி நேரம் கேள்வி கேள்வியாகப் பிரித்துப் பேசிய வகுப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்தது கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அடிபட்ட இடம் இது.

2015-ல் பொடி போட ஆரம்பித்தேன். பருப்பு விலை தாறுமாறாக ஏறியிருந்த வருடம். ஒரு கிலோ இட்லிப் பொடிக்கு உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம் எல்லாம் சேர்த்து 180 ரூபாய் ஆனது. 200 கிராம் பாக்கெட் 50 ரூபாய். கிலோவுக்கு ஐந்து பாக்கெட், 250 ரூபாய். ஆக 70 ரூபாய் லாபம் என்று சந்தோஷமாக இருந்தேன். மாதம் 40 கிலோ வரை போனது. கடைக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். ஆனால் மாதக் கடைசியில் கையில் காசு நிற்கவில்லை. வீட்டுக்காரர் சம்பளத்திலிருந்து மளிகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அம்மாவிடம் ஒருநாள் புலம்பினேன். அவர் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். கட்டிக்கொண்டே கேட்டார்: "ஏத்தா, கேஸுக்குப் போட்டியா? மில்லுல அரைச்ச கூலி? கவரு? கடைக்காரனுக்கு விட்டது?" ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேஸ் 8, அரவை 12, கவரும் லேபிளும் 15, பஸ் 10, கடைக்காரருக்கு விட்ட கழிவு, அதாவது கமிஷன், நூற்றுக்குப் பதினைந்து வீதம் 37.50. மொத்தம் 82.50. அதாவது ஒரு கிலோ விற்றால் 12.50 ரூபாய் என் கையிலிருந்து போகிறது. 40 கிலோவுக்கு 500. விற்பனை கூடக்கூட நஷ்டமும் கூடியிருக்கிறது. அதோடு அவர் விடவில்லை. "இதுல உன் கூலி எங்க?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் பி.காம் படித்தவள். இருப்புநிலைக் குறிப்பு போடத் தெரியும். என் உழைப்புக்கு ஒரு விலை எழுத வேண்டும் என்று எந்த வகுப்பிலும் எனக்குத் தோன்றவில்லை. வீட்டுப் பெண்கள் தொடங்கும் தொழில்களில் பாதி இந்த ஓட்டையில்தான் வற்றிப்போகிறது என்பது என் அனுபவம்.

விலையை ஏற்றிப் பார்த்தேன், கடையில் நகரவில்லை. வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. கோரிப்பாளையத்துப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் தெரிந்த பிள்ளை ஒருத்தி, "ஒரு நேரத்துக்கு மட்டும் தர மாட்டீங்களா அக்கா? பெரிய பாக்கெட்டைப் பிரிச்சு வச்சா நாலு நாள்ல காறல் வாடை வந்துருது" என்றாள். 25 கிராம் கவர், 10 ரூபாய். கிலோவுக்கு 40 கவர், 400 ரூபாய். கவரும் ஒட்டுக்கூலியும் 40 ஆனது, கடைக்கழிவு இல்லை. எல்லாச் செலவும் 250-க்குள் முடிந்து, முதல்முறையாக 150 ரூபாய் நின்றது. அதில் என் கூலியும் இருந்தது. நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பிள்ளை சொன்னதைக் காதில் வாங்கினேன், அவ்வளவுதான். காதில் வாங்குவதும் ஒரு பயிற்சி என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

கடன் திட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாவட்டத் தொழில் மையத்திலிருந்து வந்து பேசுகிறார்கள், அது தேவை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்திக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை போகலாம், 15 முதல் 35 சதவீதம் மானியம் உண்டு என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் கூட்டங்களில் முதல் கேள்வியாக "மானியம் எவ்வளவு?" என்று வருகிறது. பத்துப் பாக்கெட்டை முன்பின் தெரியாத பத்துப் பேரிடம் விற்றுப் பார்க்காத பிள்ளை பத்து லட்சம் கடன் வாங்குவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு ஆரம்பத்தில் ஆனது ஒரு பழைய சீலிங் மெஷினும், ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் உணவுப் பாதுகாப்புப் பதிவும்தான்.

இன்னொரு பையனைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ஒரு கல்லூரியில் நான் பேசிக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் ஒருவன் தூங்கிவிட்டான். ஆசிரியர் எழுப்பி வெளியே நிற்கச் சொன்னார். பிறகு நான் போய் விசாரித்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு அப்பாவோடு மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் நின்றுவிட்டு, குளித்து நேரே கல்லூரிக்கு வருகிறான். மார்கழி, தையில் பனிக்கு மல்லி வரத்து குறைந்து கிலோ ஆயிரங்களுக்குப் போவதையும், கோடையில் வரத்துக் குவிந்து விலை சரியும்போது மிச்சப் பூ செண்ட் கம்பெனிக்கு என்ன விலைக்குப் போகும் என்பதையும், முகூர்த்த நாளுக்கு முந்தைய ராத்திரி எந்த நேரத்தில் வாங்க வேண்டும், எப்போது கை வைக்கக் கூடாது என்பதையும் கால் மணி நேரத்தில் எனக்குச் சொல்லிவிட்டான். மொட்டு அவிழ்வதற்குள் விற்றாக வேண்டிய சரக்கு. ஒரு நாள்கூடத் தாங்காத பொருளை வைத்துக்கொண்டு தினமும் முடிவெடுக்கிறான். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது உங்கள் வினாத்தாளில் இருக்கிறது. அந்த மல்லியை விற்கிற பிள்ளை கதவுக்கு வெளியே நிற்கிறான். அந்த ஆசிரியரைக் குறை சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி வைக்க வேண்டியது உங்கள் பிரிவுதான்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒரு நாள் விழாவுக்குப் பேனர், மேடை, சால்வை, பெட்டிச் சாப்பாடு என்று ஆகிற பணத்தை எடுத்து, அணிக்கு 500 ரூபாய் கொடுங்கள். ஒரு மாதம் கொடுங்கள். இந்த ஊரில் எதையாவது வாங்கியோ செய்தோ விற்றுவிட்டு வரட்டும். லாபத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். கையால் எழுதிய கணக்கு நோட்டுக்குப் போடுங்கள்: யாரிடம் கேட்டார்கள், யார் வேண்டாம் என்றார்கள், ஏன் என்றார்கள், தங்கள் கூலியை எழுதினார்களா என்று பாருங்கள். 500 ரூபாயும் போய்விட்டது என்று உண்மையாக எழுதி வருகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற பாட்டியையும், கீழமாசி வீதியில் முப்பது வருடம் மொத்த வியாபாரம் பார்த்தவரையும் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். பேராசிரியருக்குக் கொடுக்கிற அதே மதிப்பூதியத்தைக் கவரில் போட்டுக் கொடுங்கள். பிள்ளைகள் அந்தக் கவரையும் பார்க்க வேண்டும்.

"காலேஜ் படிச்சிட்டு ரோட்டுல நின்னு விக்கிறதா" என்று பெற்றோர் கேட்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தடை இரண்டு மடங்கு. நீங்கள் கூட நின்றால் வீடுகள் சம்மதிக்கும். உங்கள் பேச்சுக்கு இந்த ஊரில் இன்னும் மரியாதை இருக்கிறது, அதை இதற்குச் செலவழியுங்கள்.

சித்திரை முடிந்த மறுவாரம் அந்த மோர்ப் பந்தல் வீட்டுப் பிள்ளை என்னைப் போனில் கூப்பிட்டாள். இந்த வருடமும் அவர்கள் வீட்டில் பந்தல் போட்டிருக்கிறார்கள். மோர் ஊற்றிக்கொண்டே, வந்தவர்கள் வேறு என்ன கேட்டார்கள் என்று ஒரு பழைய நோட்டில் கோடு போட்டிருக்கிறாள். இரண்டு மணி நேரத்தில் 41 பெண்கள் "பாத்ரூம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். "இதுக்கு என்ன அக்கா செய்யலாம்?" என்றாள். இப்போதே பதில் தேடாதே, இன்னும் இரண்டு திருவிழாவில் எண்ணிப் பார், ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு செல்லூருக்கு வா என்று சொல்லியிருக்கிறேன். கூடப் படிக்கிற இரண்டு பேரையும் கூட்டி வருகிறாளாம்.

அவள் எந்தக் கல்லூரி என்று இங்கே எழுதவில்லை. உங்கள் கல்லூரியாகவும் இருக்கலாம். ஜூனில் அவள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தால், ஒப்படைப்புக்குப் பதிலாக அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செல்லூரில் பொடி அரைக்கும் உங்கள் சகோதரி