92 சதவீதம் ஒத்த போன்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கைபேசி பழுதானால் அதற்கு ஈடான மாற்றை இணையதளங்களே காட்டிவிடும், அலைய வேண்டாம் என்று சென்ற ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். அந்தக் கட்டுரை வருவதற்கு முன்பே நான் அதைச் செய்து பார்த்துவிட்டேன்.

நான் அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவன். விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனால் துணைக்குச் சட்டைப்பையில் போன் ரேடியோ பாடும். ஆவணியில் அந்த போன் பால் வாளிக்குள் விழுந்தது. சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலை உரிப்பதுபோல் உரித்துப் பார்த்தும் பிழைக்கவில்லை. அந்த மாடல் இப்போது வருவதும் இல்லை. ஓர் இணையதளத்தில் அதன் பெயரைக் கொடுத்தேன். ‘92 சதவீதம் ஒத்தது’ என்று ஒன்றைக் காட்டியது. வாங்கினேன். இயர்போன் சொருக இடம் இல்லை, எஃப்.எம். இல்லை. முதுகில் இருந்த கைரேகை சென்சார் திரைக்கு அடியில் போய்விட்டது. பால் காய்ந்த என் விரலை அது மதிப்பதே இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த 8 சதவீதத்துக்குள் இருந்திருக்கிறது!

கணினி படிக்கும் என் மகள் கல்லூரியில் இதே கணக்கைப் போட்டவள். வீட்டுத் திண்ணையில் சிரட்டைகளை வைத்து எனக்குப் புரிய வைத்தாள். ஒவ்வொரு போனும் சில எண்கள். இரண்டு போன்களின் எண்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்கள். தூரம் குறைந்தால் ஒற்றுமை அதிகம். பழைய போனில் பேட்டரி கொள்ளளவு 4000 எம்.ஏ.எச்., ரேம் என்கிற தற்காலிக நினைவகம் 6 ஜி.பி. என்று வையுங்கள். ஒன்றில் 4100, 2 ஜி.பி.; இன்னொன்றில் 5000, 6 ஜி.பி. எண்களை அப்படியே கழித்தால் முதலாவதன் தூரம் சுமார் 100, இரண்டாவதன் தூரம் 1000. ரேம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிய போன் ‘நெருங்கியது’ ஆகிவிடுகிறது. பேட்டரியை ஆயிரத்தில் சொல்கிறோம், ரேமை ஒற்றை இலக்கத்தில் சொல்கிறோம், அவ்வளவுதான் காரணம். பேட்டரி 3000 முதல் 7000 வரை, ரேம் 2 முதல் 16 வரை என்று எடுத்து இரண்டையும் 0-க்கும் 1-க்கும் நடுவே சுருக்கினால் தூரம் முதலாவதற்கு 0.29, இரண்டாவதற்கு 0.25 என்று வரிசை புரண்டுவிடும்.

அப்போதும் ஒரு கோணல் மிச்சம். பேட்டரி 1000 கூடினாலும் தூரம்தான், 1000 குறைந்தாலும் அதே தூரம்தான். கூடியதற்கு நான் எதற்கு வருத்தப்பட வேண்டும்? மாற்று தேடுகிறவனுக்கு ‘இதற்குக் குறையாமல்’ என்பதல்லவா கணக்கு.

எஃப்.எம். போன்ற ‘உண்டு, இல்லை’ வசதிகளுக்கு வேறு அளவு. இரண்டுக்கும் பொதுவான வசதிகளை, இரண்டிலும் சேர்த்து உள்ள மொத்த வசதிகளால் (பொதுவானதை ஒருமுறை மட்டும் எண்ணி) வகுப்பது. சுவிட்சர்லாந்துக்காரரான பால் ஜக்கார்ட் என்ற தாவரவியலாளர் 1901-ல் மலைப்பகுதிகளின் செடிகொடிகளை ஒப்பிட வகுத்த வழி இது. செடிக்குச் சரி, ஒவ்வொரு செடியும் ஒன்று. போனில் எஃப்.எம்.முக்கும் முகம் பார்த்துத் திறக்கும் பூட்டுக்கும் ஒரே மதிப்பு என்றால் எனக்குச் சரிப்படாது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது, டவரும் செத்தபின், எங்களுக்குச் சேதி சொன்னது அந்த ரேடியோதான். போனில் எஃப்.எம்.மை முடக்கக் கூடாது என்று 2023-ல் மத்திய அரசே தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. அந்த ரேடியோவுக்கு இயர்போன் வயர்தான் ஏரியல் என்பதால், சொருகும் ஓட்டையை எடுத்தாலே பாதி கதை முடிந்தது. (ஓட்டையை எடுத்துவிட்டு காதுக்கு வயரில்லா இயர்போன் ஒன்றைத் தனியாக விற்பது கெட்டிக்காரத்தனம்தான்.)

கேமரா எனக்கு எத்தனை மெகாபிக்சலானாலும் ஒன்றுதான். ‘எனக்கு எஃப்.எம். கட்டாயம், கேமரா எப்படியும் போகட்டும்’ என்று வாங்குகிறவர் சொல்ல ஒரு இடம் வைத்துவிட்டு, அதன்பின் சதவீதம் போடட்டும் அந்தத் தளங்கள். உங்கள் இணைப்பில் அடுத்த முறை எழுதும்போது, எந்தத் தளத்தில் அப்படி ஒரு வசதி இருக்கிறது என்று சேர்த்து எழுதினால் உபகாரம்.

மகள் எனக்காக எஃப்.எம்.முக்கும் கைரேகை சென்சாருக்கும் மதிப்பைக் கூட்டி மறுபடி கணக்குப் போட்டாள். முதலில் வந்தது, அந்த இணையதளம் 11-வது இடத்தில் தள்ளியிருந்த போன். மார்த்தாண்டத்தில் பழையதாக ஒன்று கிடைத்தது. புதிய போன் இப்போது அவளிடம்.

— ஒரு வாசகர், அருமனை, கன்னியாகுமரி மாவட்டம்.