தீஃப் எடுத்த ட்ராப்பையும் கணக்கில் சேருங்கள்

முத்தியால்பேட்டையில் ஞாயிறுதோறும் எங்களுக்குப் போட்டி நடத்தும் கேம் சென்டர் அண்ணன்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு நடந்தது உங்களுக்கே தெரியும். பால்டர்ஸ் கேட் 2 என்ற கம்ப்யூட்டர் கேமில் ஆறு பேர் ஒரே குழுவாக இறங்கினோம், ஆறு பேரும் உயிரோடு வெளியே வந்தோம். நான் எடுத்தது தீஃப், அதாவது திருடன் பாத்திரம். வழக்கம்போல ரெக்கார்டு பக்கத்தைத் திறந்து, அதிகம் பேரைக் கொன்றவருக்குப் பரிசு கொடுத்தீர்கள். என் கணக்கில் இருந்தது நான்கு. "நீ என்னதான்டா பண்ண?" என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். அதற்குப் பதில்தான் இது.

மற்றவர்கள் கதவருகே நிற்க, நான் தனியாக முன்னால் போனேன். ட்ராப், அதாவது மறைத்து வைத்த பொறி, அதைத் தேடும் பொத்தானை அமுக்கிவிட்டு ஓடினால் எதுவும் கண்ணில் படாது. ஆறு விநாடிக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு ஒருமுறைதான் சோதிக்கும். அதனால் நாலடி வைத்து நிற்க வேண்டும், மறுபடி நாலடி. தரை சிவந்து காட்டியதும் குனிந்து எடுக்க வேண்டும். அப்படி மூன்று எடுத்தேன். நான்காவதைத் தேடும்போது "சீக்கிரம்டா" என்று கத்திக்கொண்டே ஃபைட்டர் (சண்டை வீரன்) ஒருவர் என்னைத் தாண்டி ஓடி, அந்த ட்ராப்பின் மின்னலில் மாட்டினார். அவரைத் தேற்றவே, காயம் ஆற்றும் பூசாரியான கிளெரிக்கின் மந்திரங்கள் தீர்ந்தன. அவருக்குத்தான் பரிசு.

நான் கொன்ற நான்கில் மூன்று பேர் மேஜ்கள், அதாவது மந்திரவாதிகள். நிழலில் மறைந்து, சுற்றிக்கொண்டு முதுகுப் பக்கம் போய் அடித்தால்தான் பேக்ஸ்டாப் என்ற முதுகுக் குத்து. எட்டாவது லெவலில் அது மூன்று மடங்கு அடி. அவர்கள் வாய் திறந்து மந்திரம் சொல்வதற்குள் விழுந்தார்கள். அப்புறம்தான் மற்றவர்கள் உள்ளே வந்து வெட்டினார்கள். ஒரு லெவலுக்குக் கிடைக்கும் 25 திறமைப் புள்ளியில் ஜேப்படிக்கு ஒன்றுகூடப் போடாமல், ட்ராப்புக்கும் பூட்டுக்குமே போட்டு வந்தேன். குழுவுக்காகத்தான் அண்ணா.

கொலையை மட்டும் எண்ணுவதால்தான் புதிதாக வரும் பையன்கள் எல்லாரும் ஃபைட்டரையே எடுக்கிறார்கள். யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. தனித்தனியாக ஓடி, தனித்தனியாகச் சாகிறார்கள். அந்த ஓரத்து கம்ப்யூட்டரின் மௌஸ் வேறு, ஒரு கிளிக்குக்கு இரண்டு கிளிக் அடிக்கிறது. மறைந்து நிற்கும் தீஃப் தானாக நடந்து வெளியே வந்துவிடுகிறான். மணிக்கணக்கில் காசு வாங்குகிறீர்கள், ஒரு மௌஸ் மாற்ற இத்தனை மாதமா?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான்: எடுத்த ட்ராப்பையும் திறந்த பூட்டையும் கணக்கில் சேருங்கள். இந்த கேமே இரண்டுக்கும் அனுபவப் புள்ளி தருகிறது. கேமே மதிக்கும் வேலையை நீங்களும் மதிக்க வேண்டும் என்று தயவாகக் கேட்கிறேன். ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டும் பேனாவும் போதும். வரும் ஞாயிறு நானே எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
அரியாங்குப்பத்திலிருந்து வரும் உங்கள் தீஃப்